வைரஸின் ஓட்டில் வந்த மரபணு

(ஆம்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கிச் செப்பனிடப்பட்டது)



அறிவியலில் புதிதாக நடக்கும் ஒன்றை ஆண்டுதோறும் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர்கள் விரும்பியிருக்கிறார்கள். இவ்வாண்டு எதைப் பேசப்போகிறீர்கள் என்று கேட்டபோது நான் தயங்கவே இல்லை. இங்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், சற்றுக் கூடுதலானால் ஒன்றரை மணி நேரத்தில் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில், பிறவியிலேயே ரத்தம் உறையாத ஐந்து பேருக்கு, எச்.ஐ.வி. வைரஸிலிருந்து உருவாக்கிய ஒரு துகளின் வழியாக மரபணு கொடுத்திருக்கிறார்கள். ஐவருக்கும் ரத்தக்கசிவு நின்றிருக்கிறது. 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ அந்த ஆய்வை வெளியிட்டது. உலக மருத்துவர்கள் படித்து வியந்த செய்தி நம் பக்கத்து ஊரில் நடந்தது. அதை நம் மொழியில், நம் மக்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையோடு வந்திருக்கிறேன்.

இன்று நான் நிறுவ முயல்வது ஒரே ஒரு கருத்து. வைரஸை ஊர்தியாக்கும் நுட்பம் எந்த நாட்டு ஆய்வகத்திலிருந்தும் வரலாம். அதை ஒரு மனிதரின் உடலுக்குள் பிழையின்றி இறக்கி, அவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பி, அடுத்த பல ஆண்டுகள் கண்ணில் வைத்துக் காக்கும் திறனோ, ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் வேரூன்றிய மருத்துவத்திலிருந்துதான் பிறக்கும். இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் பேசப்போகிறேன்.

1. மூட்டுக்குள் நடப்பது

ஹீமோபிலியா என்றதும் கத்தி பட்டால் ரத்தம் நிற்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெளிக்காயத்தை ஒருவழியாகக் கட்டுப்படுத்திவிடலாம். இந்த நோயாளிகளை வாழ்நாள் முழுக்க வதைப்பது கண்ணுக்குத் தெரியாத கசிவு. முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள் அடிபடாமலே ரத்தம் கசியும். மூட்டு பந்துபோல் வீங்கும். பையன் இரவெல்லாம் கதறுவான். ஒரே மூட்டில் இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால் குருத்தெலும்பு அரித்துப்போய், இருபது வயதுக்குள் கால் மடங்கி நின்றுவிடும். மூளைக்குள் கசிந்தால் உயிரே போகும்.

காரணம், ரத்தம் உறைய உதவும் ஃபாக்டர் 8 என்ற புரதம் குறைவது. அதை உண்டாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். மகனிடம் இருப்பது ஒன்றே. உலகெங்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு ஹீமோபிலியா ஏ வருகிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் முன்னோர் யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றத்தால் வருகிறது. அப்படியிருந்தும் ‘உன் பிறந்த வீட்டுச் சீக்கு’ என்று மருமகளின் தலையில் பழியைப் போடுகிற வீடுகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பழிக்கு அறிவியலில் இடமே இல்லை. வழிவழியாக வந்ததாகவே இருந்தாலும், தாய் விரும்பிக் கொடுத்தது அன்று.

கடுமையான வகையில் ஃபாக்டர் 8 இயல்பு அளவில் ஒரு சதவீதம்கூட இருக்காது. அதைப் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு உயர்த்திவிட்டால் மூட்டுக்குள் தானாகக் கசிவது அநேகமாக நின்றுவிடும். நூறு சதவீதம் தேவையில்லை. மரபணு சிகிச்சை பற்றிக் கனவு கண்டவர்கள் இந்த நோயை முதல் வரிசையில் வைத்ததற்கு இதுவே காரணம்.

இப்போதைய சிகிச்சை ஃபாக்டர் ஊசி. உடலில் ஏற்றிய ஃபாக்டர் 8 ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே கசிவு வராமல் தடுக்க வேண்டுமானால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நரம்பில் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசமாகத் தரப்படுகிறது. எமிசிசுமாப் என்ற புதிய ஊசி தோலுக்கடியில் போடுவதால் வசதி கூடியிருக்கிறது. ஆனாலும் இந்தத் தோல் பகுதியில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தாய் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். தகப்பன் டேனரியில் நாள் சம்பளம். பையனுக்கு முழங்கால் வீங்கினால் இருவரில் ஒருவர் வேலையை விட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவன் வளர்ந்தபின் அவனுக்கு இங்கே என்ன வேலை? சதை சீவும் கத்தியும் ஷேவிங் மெஷினும் ஓடுகிற இடத்தில் அவனை யார் நிறுத்துவார்கள்? ஒரே ஒரு முறை செய்து முடிக்கும் சிகிச்சை என்ற சொல் அந்த வீட்டில் எப்படி ஒலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2. வைரஸை எப்படிப் பழக்கினார்கள்

வைரஸ் தானாக உயிர் வாழ்வதில்லை. தன் மரபுச் செய்தியை அடுத்தவர் செல்லுக்குள் கொண்டு சேர்ப்பதையே கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேர்ந்த தொழிலாகக் கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு மரபணுவைச் செல்லுக்குள் செலுத்த வேண்டுமானால் அதைவிடத் திறமையான ஆள் கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், உள்ளே போனதும் அது தன்னைப் பெருக்கிக்கொண்டு நம்மைக் கொல்லவும் கூடும்.

அதைத் தவிர்க்க விஞ்ஞானிகள் செய்த வேலையை உங்கள் தோல் தொழிலைக் கொண்டே சொல்கிறேன். பச்சைத் தோல் வந்திறங்கியதும் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியைக் களைகிறீர்கள். உட்புறத்துச் சதையைச் சீவி எடுக்கிறீர்கள். அழுகக்கூடிய எல்லாம் போய், உங்களுக்கு வேண்டிய நார்ப்படலம் மட்டும் மிஞ்சுகிறது. அதன்பிறகுதான் அதைப் பதப்படுத்திப் பயன்பொருளாக்க முடிகிறது. விஞ்ஞானிகள் வைரஸிடம் செய்ததும் இத்தகைய வேலைதான்.

எச்.ஐ.வி.யிடம் இருப்பவை மொத்தம் ஒன்பது மரபணுக்கள். நோயைத் தீவிரமாக்கும் துணை மரபணுக்களை முழுதும் நீக்கினார்கள். மனித ரத்த அணுவை மட்டும் தேடிப் போகும் அதன் மேலுறையைக் கழற்றிவிட்டு, கால்நடைகளைத் தாக்கும் வேறொரு வைரஸின் மேலுறையை அணிவித்தார்கள். அதனால் பல வகைச் செல்களுக்குள் நுழையும் ஆற்றல் வந்தது. துகளைக் கட்டுவதற்கு இன்றியமையாத மரபணுக்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, ஆய்வகத்துச் செல்களில் மட்டும் வைத்தார்கள். ஊர்தியின் வயிற்றில் இருப்பது நமக்கு வேண்டிய மரபணு மட்டுமே. எனவே அது ஒரு செல்லுக்குள் போய்ச் சேரும்; அங்கிருந்து இன்னொரு செல்லுக்குப் பரவாது. 1996-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் லூயிஜி நால்தினி, டிடியர் ட்ரோனோ, இந்தியாவில் பிறந்த இந்தர் வர்மா ஆகியோர் இந்த வகை ஊர்தி, அதாவது வெக்டர், பிரிந்து பெருகாத செல்களிலும் வேலை செய்யும் என்று காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில், உள்ளே போனதும், மரபணுவை இயக்கும் வைரஸின் சொந்த விசை செயலற்றுப்போகும்படியான வடிவமும் வந்தது.

இதற்குப் போட்டியாக அடினோ துணை வைரஸ் என்ற வகை உண்டு. அதுவே மனிதர்க்கு நோய் தருவதாகத் தெரியவில்லை, மிகச் சிறியது, கல்லீரலுக்கு எளிதாகப் போகும். ஆனால் அதன் வயிறு ஏறத்தாழ 4,700 டி.என்.ஏ. எழுத்துகளுக்கு மேல் கொள்ளாது. ஃபாக்டர் 8-இன் செய்தியை நடுப்பகுதி நீக்கிச் சுருக்கினாலும் ஏறத்தாழ 4,400 எழுத்துகள் வருகின்றன. விசைகளையும் சேர்த்தால் திணித்து அடைக்க வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி.யிலிருந்து வந்த லென்டிவைரஸ் வெக்டரில் இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இடம் இருக்கிறது.

3. 1986

என் கருத்தின் உயிர்நாடி இந்தப் பகுதி. எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1986 பிப்ரவரியில் ஓர் இரவு, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, கணவரோடு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினார். கையில் ஐஸ் வைத்த பெட்டி. அதற்குள் சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் சேகரித்த எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள். அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவரை அந்த ஆய்வில் இறக்கியிருந்தார். அப்போது சென்னையில் அந்தச் சோதனைக்கு வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் தலைமையில் வைரஸ் ஆய்வுத் துறை இருந்தது. அங்கே சோதித்தபோது ஆறு மாதிரிகள் எச்.ஐ.வி.க்கு அடையாளமான மஞ்சள் நிறம் காட்டின. திரும்பச் சோதித்தார்கள், அதே முடிவு. பிறகு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கான முதல் ஆதாரம் வேலூரில் ஒரு சோதனைத் தட்டில் வெளிப்பட்டது.

அதே ஆண்டு, அதே மருத்துவமனையில் டாக்டர் மம்மன் சாண்டி எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கினார். தலசீமியா என்ற பிறவி ரத்த நோய் கொண்ட குழந்தைகளுக்கு அது ஒரு புதிய வாசல். மஜ்ஜை மாற்று என்பது ஓர் அறுவை சிகிச்சை என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் முழுதும் வெறுமையாக்கி, எதிர்ப்புச் சக்தியே இல்லாத நாட்களில் அவரைக் கிருமி அண்டாமல் காத்து, புதிய செல்கள் ஊன்றும்வரை மணிக்கு மணி பார்த்துக்கொள்ளும் கலை அது. நர்சுகள், ரத்த வங்கி, ஆய்வகம், காய்ச்சல் வந்தால் எந்தக் கிருமியாக இருக்கும் என்று அனுபவத்தால் சொல்லக்கூடிய மருத்துவர்கள் எல்லோரும் ஒருசேரப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை விலை கொடுத்து வாங்க முடியாது.

மூன்றாவது இழை ஹீமோபிலியா. வேலூரின் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா பல பத்தாண்டுகளாக இந்த நோயாளிகளைப் பார்த்து வந்தவர். பணக்கார நாடுகளில் செலவழிக்கும் ஃபாக்டரில் ஒரு சிறு பகுதியைக் கொண்டே நம் நோயாளிகளுக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வியை விடாமல் எழுப்பியவர். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதல்களுக்குத் தலைமை ஏற்றவர்.

இந்த மூன்றையும் பிணைக்கும் துயரம் ஒன்று உண்டு. அதே 1980-களில் மேலைநாடுகளில், ஆயிரக்கணக்கானோர் தந்த ரத்தத்தைக் கலந்து பிரித்தெடுத்த ஃபாக்டர் ஊசி வழியாக எச்.ஐ.வி. ஹீமோபிலியா நோயாளிகளுக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் கடும் ஹீமோபிலியா உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றியது. பிரிட்டனில் ஏறத்தாழ 1,250 பேர். அவர்களில் 380 பேர் குழந்தைகள். அந்த அநீதியைப் பற்றிய விசாரணை அறிக்கை 2024 மே மாதத்தில்தான் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அதே நோய் உள்ளவர்களின் செல்களுக்குள் அதே வைரஸின் ஓட்டை மருந்தாக அனுப்பிய வேலூர் ஆய்வு வெளிவந்தது. இந்த வைரஸால் ஒரு தலைமுறையையே இழந்த சமூகம், அதன் பெயரைக் கேட்டதும் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டு, சம்மதித்துக் கையெழுத்திட்டதே, அதை நான் மிகப் பெரிய நம்பிக்கையாக மதிக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த மருத்துவரிடம், நெடுநாள் பழகிய வார்டில்தான் அந்த நம்பிக்கை பிறக்க முடியும்.

4. ஐந்து பேருக்குச் செய்தது

வெக்டரின் வடிவமைப்பு அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் டோரிங், ட்ரென்ட் ஸ்பென்சர் ஆகியோரின் உழைப்பில் பிறந்தது. வேலூரில் சி.எம்.சி.யும், பாகாயம் வளாகத்தில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் இயங்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து அதை மனிதர்களிடம் கொண்டுவந்தன.

முறை இது. நோயாளிக்கு ஊசி போட்டு, மஜ்ஜையில் இருக்கும், ரத்த அணுக்களுக்கு மூலமான ஸ்டெம் செல்களை ரத்த ஓட்டத்துக்கு வரவழைக்கிறார்கள். இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுழற்றி அவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். தூய அறையில் அவற்றை வெக்டரோடு சேர்க்கிறார்கள். வைரஸ் துகள் செல்லுக்குள் நுழைந்து, ஃபாக்டர் 8 மரபணுவைச் செல்லின் குரோமோசோமிலேயே பதிக்கிறது. பிறகு நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் வெறுமையாக்கி, மாற்றப்பட்ட அவருடைய சொந்தச் செல்களையே திரும்ப ஏற்றுகிறார்கள். பிறர் மஜ்ஜை இல்லை என்பதால் உடல் அதை அந்நியமாகப் பார்த்து எதிர்க்காது. அந்த ஸ்டெம் செல்களிலிருந்து பிறக்கும் மோனோசைட் என்ற வெள்ளையணுக்களில் மட்டும் விழித்துக்கொள்ளும் விசை அந்த மரபணுவோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த அணுக்கள் ஃபாக்டர் 8-ஐ உண்டாக்கி ரத்தத்தில் விடுகின்றன.

இப்போது எண்கள். ஐவரும் 22 முதல் 41 வயதுக்கு உட்பட்டவர்கள். முதல் இருவருக்கு வெக்டரை மட்டும் பயன்படுத்தினார்கள். அவர்களின் ஃபாக்டர் 8 அளவு ஏறத்தாழ 5 சதவீதமும் 2 சதவீதமும் வந்தது. அடுத்த மூவருக்கு, துகள் செல்லுக்குள் நுழைவதை எளிதாக்கும் ஒரு பொருளையும் சேர்த்தார்கள். அளவு 37, 19, 40 சதவீதம் என்று உயர்ந்தது. ஐவரிலும் ஆண்டுக்கான ரத்தக்கசிவு எண்ணிக்கை பூஜ்யம். ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். அதிகபட்சம் ஒருவரை 27 மாதங்கள். ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை, காலமும் குறைவு என்பதை மறக்கக்கூடாது. ஆனால் இரண்டு சதவீதமே வந்தவருக்கும் கசிவு இல்லை என்பதைப் படித்தபோது நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இன்னொன்றை இந்த ஊரில், இந்த அவையில், மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மரபணு முழுக்க மனிதனுடையது இல்லை. மனித ஃபாக்டர் 8 செல்லிலிருந்து வெளியேறுவதில் மந்தமானது. பன்றியின் ஃபாக்டர் 8 வேகமாக வெளியேறும். எனவே ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மனித வரிசையும் மீதி பன்றியின் வரிசையுமாகக் கோத்த ஒரு கலப்பு மரபணுவைப் பயன்படுத்தினார்கள். பன்றியின் உடலிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை; எழுத்து வரிசையைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கியது அது. என்றாலும், ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ ஒரு முஸ்லிம் பெரியவர் இதைக் கேட்டு யோசிப்பார். ஆலிமிடம் போய்க் கேட்பார். அது முறையான கேள்வி. மருத்துவர் அதைச் சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் புதைக்காமல், முதல் உரையாடலிலேயே, அவர் பேசும் மொழியில் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால் தமிழில், உருதுவில் கேட்டால் உருதுவில். நம் பகுதியின் சிகிச்சை நம் பகுதியின் மனசாட்சியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

5. கல்லீரல் வழி நமக்குப் போதாது

உலகச் சந்தையில் ஹீமோபிலியா ஏ-க்கான முதல் மரபணு மருந்து ராக்டேவியன். ஐரோப்பாவில் 2022-லும் அமெரிக்காவில் 2023-லும் ஒப்புதல் பெற்றது. அடினோ துணை வைரஸ் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. ஒரே ஊசி, மஜ்ஜையை வெறுமையாக்கத் தேவையில்லை. இந்த வசதி பெரிய வசதிதான். ஆனால் ஃபாக்டர் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. அந்த வகை வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருந்தால் உடலில் எதிர்ப்பொருள் இருக்கும்; மருந்து கல்லீரலைச் சேருமுன் அழிந்துவிடும். நம் மக்களில் அத்தகைய எதிர்ப்பொருள் பரவலாக இருக்கிறது. பழைய ரத்தப் பொருட்களால் ஹெபடைடிஸ் சி வந்து கல்லீரல் கெட்டவர்களுக்கும் இது ஒத்து வராது. குழந்தைக்குக் கொடுத்தால் கல்லீரல் வளர வளர மரபணு நீர்த்துப்போகும். ஸ்டெம் செல்லில் பதிந்ததோ, செல் பிரியும்போதெல்லாம் கூடவே பிரதியாகிறது.

6. அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுவோம்

1999 செப்டம்பரில் பதினெட்டு வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு மரபணு சிகிச்சைச் சோதனையில் உயிரிழந்தான். அடினோ வைரஸுக்கு எதிராக அவன் உடல் வெகுண்டெழுந்தது. அவனுடைய நோய் அப்போது உணவுக் கட்டுப்பாட்டிலும் மாத்திரையிலும் அடங்கியிருந்தது. பாரிஸில், எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குப் பழைய வகை ரெட்ரோவைரஸ் வழியே மரபணு கொடுத்துக் காப்பாற்றினார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மரபணு போய் உட்கார்ந்த இடம், பக்கத்திலிருந்த ஒரு புற்றுநோய் மரபணுவைத் தூண்டிவிட்டது. லென்டிவைரஸ் இதைவிடப் பாதுகாப்பானது என்று நம்பியிருந்தோம். 2024-இல் வந்த அறிக்கை, மூளை நோய்க்கான ஸ்கைசோனா என்ற லென்டிவைரஸ் மருந்து பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாகச் சொன்னது. அதில் பயன்பட்ட விசை மிக வலிமையானது. எல்லாச் செல்லிலும் விழித்திருப்பது. வேலூரில் பயன்படுத்திய விசை ஒரு வகை அணுவில் மட்டும் செயல்படுவது. இந்த வேறுபாடு நம்பிக்கை தருகிறது. உத்தரவாதம் தரவில்லை.

மஜ்ஜையை வெறுமையாக்கும் மருந்தும் லேசானது இல்லை. ஒரு வாரத்துக்கும் மேலாக வெள்ளையணு இராது; தட்டணுவும் விழும். ரத்தம் உறையாத ஒருவருக்குத் தட்டணுவும் இல்லாத நாட்களைக் கடத்த வைப்பது எவ்வளவு ஆபத்தான பொறுப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். 1986-இல் தொடங்கிய பழக்கத்தின் அருமை அந்த நாட்களில்தான் தெரிகிறது. குழந்தை பெறும் ஆற்றல் குறையலாம் என்பதையும் மணமாகாத இளைஞரிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

பலன் முதலிலும் தீங்கு பின்னாலும் தெரியலாம் என்பதைப் பாலாற்றங்கரை மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குரோம் பதனிடும் முறை வந்தபோது வேகமும் வருமானமும் கண்ணுக்குத் தெரிந்தன. கிணற்றுத் தண்ணீர் கெட்டது பிறகே தெரிந்தது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக அறிவித்தது. தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்காதே என்ற அந்தக் கோட்பாடு இந்த மண்ணின் வழக்கிலிருந்து எழுந்தது. குரோமோசோமில் பதியும் மரபணுவைப் பெற்றவரைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது உலக மரபு. சோதனை முடிந்ததும் திட்டப் பணம் தீர்ந்துவிட்டது என்று கோப்பை மூடிவிட முடியாது. அந்தப் பதினைந்து ஆண்டுச் செலவை அரசு இப்போதே ஏற்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

7. விலை

இதே நோயின் மற்றொரு வகையான ஹீமோபிலியா பி-க்கான ஹெம்ஜெனிக்ஸ் என்ற மரபணு மருந்து 2022-இல் அமெரிக்காவில் வந்தபோது அதன் விலை 35 லட்சம் டாலர். நம் கணக்கில் ஏறத்தாழ முப்பது கோடி ரூபாய். ராக்டேவியன் 2023-இல் அங்கே வந்தபோது அதன் விலை 29 லட்சம் டாலர். இந்த விலையில் எந்த மாநில அரசும் தன் நோயாளிகளுக்கு வாங்கித் தர முடியாது. ஆனால் விலை என்பது இயற்கை விதி இல்லை. மும்பையில் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19 என்ற புற்றுநோய் சிகிச்சையிலும் லென்டிவைரஸ்தான் மரபணுவைச் சுமக்கிறது. அமெரிக்காவில் கோடிகளில் விற்கும் அதையொத்த சிகிச்சையை 30 முதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இங்கே கொடுக்க முடிந்தது. அதுவும் ஏழைக்கு எட்டாத தொகைதான்; எனினும் அரசுக் காப்பீட்டால் தொடக்கூடிய தொகை.

குறைத்தது எது? வெக்டரை இங்கேயே தயாரித்தார்கள், செல்லை இங்கேயே மாற்றினார்கள். வேலூருக்கும் அதுவே வழி. மருத்துவத் தரத்தில் வெக்டர் தயாரிக்கும் கூடங்கள் தமிழ்நாட்டில் வர வேண்டும். அரசு முதலீட்டில், பல நோய்களுக்கும் பொதுவாக. தலசீமியாவுக்கும், நம் மலைவாழ் மக்களை வாட்டும் சிக்கிள் செல் சோகைக்கும் ஊர்தி இதே லென்டிவைரஸ். மாறுவது உள்ளே வைக்கும் மரபணு. இங்கே அமர்ந்திருக்கும் உயிரி தொழில்நுட்ப மாணவர்கள் பட்டம் வாங்கியதும் மருந்து விற்பனைப் பிரதிநிதியாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூய அறையில் வெக்டர் வடிகட்டும் வேலை, அதன் தரத்தைச் சோதிக்கும் வேலை, நோயாளியின் செல்லில் மரபணு எங்கெங்கே பதிந்தது என்று கணினியில் தேடும் வேலை எல்லாம் நீங்கள் செய்யக்கூடியவை.

கடைசியாக, இந்த அரங்குக்குள் நுழையும்போது ஒரு தாய் என் கையில் கொடுத்த சீட்டுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். ‘என் மகனுக்கு ஏழு வயது. இது அவனுக்கு இப்போது கிடைக்குமா?’ என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, இப்போது கிடைக்காது. இதுவரை பெரியவர்களுக்கு மட்டுமே செய்திருக்கிறார்கள். குழந்தைகளிடம் வருவதற்குமுன் இன்னும் பலரிடம், இன்னும் நீண்ட காலம் பார்க்க வேண்டும். அது வரும் நாளில் உங்கள் மகனின் முழங்காலும் கணுக்காலும் கெடாமல் இருக்க வேண்டும். தேய்ந்துபோன மூட்டை எந்த மரபணுவும் திரும்ப வளர்க்காது. ஆகவே வீக்கம் வந்தபிறகு ஓடாமல், வருமுன் தடுக்கும் ஃபாக்டரோ எமிசிசுமாபோ அரசு மருத்துவமனையில் தொடர்ந்து கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத்தைக்கூடத் தவறவிடாதீர்கள். பிசியோதெரபி சொல்லும் பயிற்சியைச் செய்ய வையுங்கள், நீச்சல் கற்றுக்கொடுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். உங்கள் மகளுக்கும் தங்கைக்கும் இந்த மரபணு இருக்கிறதா என்று கல்யாணத்துக்கு முன்பே சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் சோதனையை வேலூரிலேயே செய்கிறார்கள்.